சாவி கொடுக்கிற கை

வாட்ச்சுக்குச் சொல்லிவைத்தபோது மாஸ்டருக்கு இரண்டு கையும் நன்றாக இருந்தன. அது வரப்போகிற நேரத்தில் கட்டிக்கொள்ள ஒரு கை மிச்சமிருந்தது. சாவி கொடுக்க வேண்டிய வலது கைதான் தோளிலிருந்து ஈரத்துணி மாதிரி தொங்கிக் கிடந்தது.

மாஸ்டர் என்றால் ரொட்டி மாஸ்டர். தெரு வளைகிற இடத்தில் முன்பக்கம் கடை, பின்பக்கம் அடுப்பு, மேலே வீடு. விடியுமுன்பே அவரும் அவருடைய தம்பியும் கீழே இறங்கி மாவு பிசைய ஆரம்பித்துவிடுவார்கள். தம்பியைச் சின்ன மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள், அவருக்கும் தலை நரைத்தாயிற்று என்றாலும். மாஸ்டரின் மனைவிக்குப் பெயர் கல்லாம்மா. கல்லாப்பெட்டியில் உட்காருவதால் வந்த பெயர். "கல்லாதவங்கிறதால இல்ல" என்று புதிதாக வருகிறவர்களிடம் தானே சொல்லிச் சிரிப்பாள். யாருக்கு எந்த ரொட்டி, யார் வீட்டில் யாருக்கு முனை பிடிக்கும், யார் கடன் சொல்ல வாய் வராமல் நிற்கிறார் எல்லாம் அவளுக்கு முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

வாட்ச் ஆசை வந்தது ஒரு வாடிக்கையாளரால். ஊரின் மறுகோடியில் சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை எடுத்து, தன்னந்தனியாக வாட்ச் செய்கிற ஒருத்தி. பெரிய கம்பெனி எதிலும் இல்லை. வாட்ச்சின் வெளிக்கூடான பெட்டி, முகப்பு, முள் எல்லாம் அவள் கையாலேயே அறுத்து, அராவி, மெருகேற்றுவாள். வருஷத்துக்கு இரண்டோ மூன்றோதான் வெளியே வரும். அவளைக் கடையில் வாட்ச்சம்மா என்பார்கள். இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் கருகின ரொட்டியாகப் பார்த்துக் கேட்டு வாங்கிக்கொண்டு போவாள். ஒருநாள் அவள் கையை நீட்டியபோது மணிக்கட்டில் இருந்ததை மாஸ்டர் பார்த்துவிட்டார். அவளும் சும்மா இராமல் கழற்றித் திருப்பிக் காட்டினாள். பின்பக்கம் கண்ணாடி. உள்ளே ஒரு சின்னச் சக்கரம் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆடிக்கொண்டிருந்தது, குருவிக்குஞ்சின் நெஞ்சு போல. மாஸ்டர் மாவுக் கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். அடுப்பிலிருந்து தம்பி இரண்டு தரம் கூப்பிட்டது காதில் விழவில்லை.

அடுத்த முறை அவள் வந்தபோது கேட்டேவிட்டார்.

"எனக்கு ஒண்ணு செஞ்சு குடுப்பீங்களா?"

"செய்யலாம். ஆனா காத்திருக்கணும் மாஸ்டர். வருஷக்கணக்குல."

"மாவு உப்புறதுக்குக் காத்துக்கிட்டே கெழவனானவன் நான். காத்திருக்கிறதைப் பத்தி எங்கிட்டச் சொல்றீங்களே."

வீட்டில்தான் சண்டை வந்தது. விலையைக் கேட்டதும் கல்லாம்மாவுக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது.

"மணி பாக்கவா? கடைச் சுவத்துல ஒண்ணு இருக்கு. போன்ல இருக்கு. பள்ளிக்கூட மணி அடிக்குது. போதாதா?"

"மணி பாக்க இல்லடி."

"பின்ன?"

மாஸ்டர் வாசலில் கிடந்த தன் செருப்பைப் பார்த்தார். பிறகு சொன்னார். "இத்தனை வருஷமா நாம வாங்கினதெல்லாம் யோசிச்சுப் பாரு. அடுப்பு கடைக்கு. மெஷின் கடைக்கு. வண்டி கடைக்கு. செருப்புகூட மாவுல வழுக்காத செருப்பாப் பாத்துதானே வாங்கினேன். கடைக்கு ஒண்ணுத்துக்கும் ஆகாத ஒரு பொருள், எனக்கே எனக்குன்னு, ரொம்ப நல்லதா ஒண்ணு வேணும்னு தோணுது. தப்பா?"

தப்பு என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "சரி சரி, சின்னவளைக் கூட்டிட்டு வாங்க. பெரியவ நான் ஒரு ஓரமா இருந்துட்டுப் போறேன்" என்றாள். அன்றிலிருந்து அந்த வாட்ச்சுக்குச் சின்னவள் என்றே பெயர் விழுந்துவிட்டது. "அண்ணே, சின்ன அண்ணி எப்ப வர்றாங்க?" என்று சின்ன மாஸ்டர் அடுப்படியிலிருந்து கத்துவார். கடைக்கு வந்தவர்கள் திடுக்கிட்டுக் கல்லாம்மாவைப் பார்ப்பார்கள்.

மாஸ்டர் பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை மாதிரி குளித்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வாட்ச்சம்மாவின் பட்டறைக்குப் போனார். பாக்கெட்டில் ஒரு ரொட்டித் துண்டு. முகப்பு இந்த நிறத்தில் வேண்டும் என்று நீட்டினார். "எந்த இடம்? இங்க ஒரு நிறம், அங்க ஒரு நிறம் இருக்கே" என்று அவள் கேட்டாள். மேலே கீறிவிட்ட இடம் வெடித்துப் பிளந்து, அந்த விளிம்பில் சிவந்திருக்கும் பாருங்கள், அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார். முள் இரண்டும் ரொட்டி கீறுகிற கத்தி மாதிரி இருக்க வேண்டும். எண் எதுவும் வேண்டாம். இதையெல்லாம் அவள் ஒரு தடவைகூடச் சிரிக்காமல் கேட்டுக்கொண்டாளாம். மாஸ்டர் வீடு திரும்பி அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "சிரிக்கவே இல்லடி அவ."

பிறகு காத்திருந்தார்கள். ஒரு மழைக்காலம் போனது, ஒரு கோடை போனது. அடுத்த மழை தொடங்கின வாரத்தில் ஒரு காலை, தொட்டியில் பிசைந்துகொண்டிருந்த மாஸ்டரின் வலது கை மாவுக்குள் போனது, வெளியே வரவில்லை. அவர் அப்படியே அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். "என்னண்ணே, மாவுக்குள்ள மோதிரத்தைத் தேடுறியா?" என்று தம்பி கேலி செய்தார். பதில் சொல்லத் திரும்பிய அண்ணன் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் பிழைக்க வைத்துவிட்டார்கள். அந்த டாக்டரையும் நர்சுகளையும் கல்லாம்மா இன்றைக்கும் வாயார வாழ்த்துவாள். நாக்கு சீக்கிரமே திரும்பியது. கால், தடி பிடித்துக்கொண்டு திரும்பியது. கைதான் வரவில்லை. "வரும். எவ்வளவு வரும்னு இப்ப சொல்ல முடியாது. உபயோகிக்க உபயோகிக்கத்தான் வரும்" என்று டாக்டர் சொல்லி, அமுக்கிப் பழக ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தனுப்பினார். மாஸ்டர் இரண்டு நாள் அமுக்கினார். மூன்றாம் நாள் அதை இடது கையால் எடுத்து ஜன்னல் வழியாக எறிந்தார்.

"கொழந்தைக்குக் குடுக்கிற மாதிரி பந்து குடுக்குறானுவ."

முதலில் அடுப்படியில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பிறகு கீழே இறங்குவதையே விட்டுவிட்டார். மேலே சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கீழிருந்து ரொட்டி வாசம் மேலே வந்தால் ஜன்னலைச் சாத்தச் சொல்வார். சின்ன மாஸ்டர் இரண்டு ஆள் வேலையை ஒரு ஆளாகச் செய்தார். நின்றுகொண்டே சாப்பிட்டார், மாவு மூட்டைமேல் சாய்ந்து தூங்கினார், ஒரு நாளும் ஒரு வார்த்தை சலிப்பாகச் சொல்லவில்லை. ரொட்டி கொஞ்சம் கெட்டியாகத்தான் வந்தது. வாங்குகிறவர்களுக்கும் அது தெரியும். ஆனால் ஒருவர்கூடக் கடை மாறவில்லை. "மாஸ்டர் எப்படி இருக்கார்?" என்று கேட்டு, அந்தக் கெட்டி ரொட்டியை வாங்கிக்கொண்டு போனார்கள். கல்லாம்மா மீதிச் சில்லறையைக் கொடுக்கும்போது அவர்கள் கையை ஒரு கணம் கூடுதலாகப் பிடித்துக்கொள்வாள். 

அந்தச் சமயத்தில்தான் வாட்ச்சம்மாவிடமிருந்து போன் வந்தது. பெட்டி தயார், மணிக்கட்டு அளவு பார்க்க மாஸ்டரை ஒரு நடை வரச் சொல்லுங்கள் என்று. வேலையில் மூழ்கிவிட்டால் மாதக்கணக்கில் பட்டறையை விட்டு அசையாதவள் அவள். இங்கே நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. கல்லாம்மா போனில் ஒன்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்று நேரில் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று, ஏப்ரனைக்கூடக் கழற்ற மறந்து பஸ் ஏறினாள்.

பட்டறைக் கதவைத் தள்ளியதும் உள்ளிருந்து ஒரு அலறல்.

"அங்கேயே நில்லுங்க! மாவு! மேலெல்லாம் மாவு!"

கல்லாம்மா வாசலில் ஆணி அடித்த மாதிரி நின்றாள். வாட்ச்சம்மா கண்ணில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஓடி வந்தாள். ஏப்ரனைக் கழற்றி மாடிப்படியில் வைத்து, தோளைத் தட்டிவிட்டு, "ஒரு தூசி உள்ள போனா ஒரு மாச வேலை போச்சு. தப்பா நினைக்காதீங்க. மாஸ்டர் எங்கே?" என்றாள்.

கல்லாம்மா மாடிப்படியிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அழக்கூடாது என்று நினைத்து வந்தவள் பாதியில் அழுதுவிட்டாள். "அவருக்கு இனிமே எதுக்குங்க அது? வேற யாருக்காவது குடுத்துடுங்க. அதைப் பாத்தா அவரு மனசு இன்னும் ஒடஞ்சு போயிரும்."

வாட்ச்சம்மா பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள். ஆறுதல் சொல்லத் தெரியாத ஆள் என்று பார்த்தாலே தெரிந்தது. கையைப் பிசைந்தாள். பிறகு, "வேணும்னு கேட்டது யாரு?" என்றாள்.

"அவருதான்."

"அப்ப வேண்டாம்னும் அவரே சொல்லட்டும். நான் வந்து கேட்டுக்கிறேன்."

மறுநாளே வந்துவிட்டாள். மாடியேறி, மாஸ்டருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு பேச்சுக்குக்கூடக் கேட்கவில்லை.

"அந்தக் கையைக் குடுங்க மாஸ்டர்."

மாஸ்டர் இடது கையை நீட்டினார்.

"அது இல்ல. மத்தது."

இடது கையால் வலது கையைத் தூக்கி, மேசைமேல் வைத்தார். அவள் தன் சுண்டுவிரலை அவருடைய பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே செருகினாள். "பிடிங்க. இன்னும். இப்ப உருட்டுங்க." அவருக்கு வேர்த்துக் கொட்டியது. ஒரு மயிரிழை அசைந்திருக்குமோ என்னவோ.

"ஒண்ணு சொல்றேன்" என்றாள் அவள். "வாட்ச்சை வலது கையில கட்டிக்கலாம். சாவித் திருகை இடது பக்கத்துல வச்சுத் தர்றேன். இடது கையால குடுத்துக்கலாம். எனக்கும் அதுல வேலை கம்மி."

மாஸ்டர் வெகுநேரம் மேசைமேல் கிடந்த கையைப் பார்த்தார். எழுந்து போகப்போகிறார் என்று கல்லாம்மா நினைத்தாள்.

"இடது கை நல்லாத்தானே இருக்கு. அதுக்கு எதுக்கு இன்னொரு வேலை?" என்றார். "இந்தக் கழுதைதான் சும்மா கெடக்கு. இதுக்குக் குடுங்க."

வாட்ச்சம்மா முதல் முறையாகச் சிரித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு தன் புருஷன் வாயிலிருந்து வந்த முதல் கிண்டல் அது என்பதைக் கல்லாம்மா அப்போதுதான் உணர்ந்தாள். காபி போடுகிற சாக்கில் உள்ளே போய் நின்றுகொண்டாள்.

முடித்து வைத்திருந்த பெட்டியை வாட்ச்சம்மா தள்ளிவைத்துவிட்டு, முதலிலிருந்து புதிதாக ஒன்று செய்தாள். மெலிந்துபோன விரல் பிடிக்கிற மாதிரி, பெரிய கொண்டைக்கடலை அளவுக்குத் திருகு. அதில் விரல் வழுக்காமல் ஆழமான வரிகள். வாரைத் துளையில் மாட்டுகிற கஷ்டம் இல்லாமல், மேசைமேல் வைத்து அழுத்தினால் 'டக்'கென்று பூட்டிக்கொள்கிற கொக்கி. மழை விட்டுக் குளிர் வந்தபிறகு ஒரு காலை, சின்னவள் வந்து சேர்ந்தாள்.

கல்லாம்மா அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்த முகப்பு, அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ரொட்டியின் விளிம்பு போலவே இருந்தது. சாய்த்தால் ஒரு பக்கம் தேன், மறுபக்கம் கருகல். சின்ன மாஸ்டர் கையைக் கழுவி, துடைத்து, மறுபடி கழுவிவிட்டு வந்து பார்த்தார். "அண்ணி, கோவிச்சுக்காதீங்க. உங்களைவிட அழகுதான்" என்றார்.

"ஒரு அளவுக்கு மேல திருகு தானா நின்னுடும். அதோட நிறுத்திக்கணும்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வாட்ச்சம்மா போனாள்.

தானாக நிற்கிற இடம் வரை போவதாவது! முதல் நாள் மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு திருகியதில் 'கிர்ர்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சில்வண்டு தும்மியது போல. வாட்ச் ஓடத் தொடங்கியது. ஒரு தட்டு ரொட்டி வேகுமுன் நின்றுவிட்டது. திருகை வெளியே இழுத்துவிட்டுத்தான் முள்ளை நகர்த்த வேண்டும், அதற்கு நகத்தில் பலம் வேண்டும். இடது கையை உதவிக்குக் கூப்பிட மாஸ்டர் சம்மதிக்கவில்லை. நேரம் வைப்பதைப் பற்றிப் பிறகு யாரும் பேசவில்லை. முள் எங்கே நின்றதோ அங்கிருந்தே மறுநாளும் கிளம்பியது.

ஆனால் மறுநாள் காலை அவர் தானாகக் கீழே இறங்கி வந்தார். "எப்ப நிக்குதுன்னு பாக்க மேல சுவர்க்கடியாரம் இல்ல" என்று காரணம் சொன்னார். முக்காலியில் உட்கார்ந்து, காலையில் சாவி கொடுப்பார். அது நிற்கிற வரைக்கும் அடுப்பைப் பார்ப்பார், தம்பியைத் திட்டுவார், மாவைத் தொட்டுப் பார்த்து "இன்னும் தண்ணி கேக்குதுடா" என்பார். ரொட்டி மறுபடி மெத்தென்று ஆனது. ஒரு வாரம் கடைக்கு வருகிற முதல் கூட்டம் வரை ஓடும். இன்னொரு வாரம் பால் வண்டி வருகிற வரை. பிறகு பள்ளிக்கூடம் மணி அடிக்கிற வரை. "இன்னிக்கு எது வரைக்கும்?" என்று வாடிக்கையாளர்கள் கேட்க ஆரம்பித்தார்கள்.

அப்புறம் அந்தக் கணக்கு முன்னேறவே இல்லை. வாரங்கள் போயின, பள்ளிக்கூட மணியைத் தாண்டவில்லை. நிற்கிற கணத்தில் மாஸ்டர் முகம் தொங்கிப்போவதைக் கல்லாம்மாதான் கல்லாவிலிருந்து தினமும் பார்த்தாள். மறுபடி மாடியிலேயே இருந்துவிடுவாரோ என்ற நினைப்பில் மீதிச் சில்லறையை இரண்டு தரம் எண்ணினாள்.

ஒருநாள் அவர் பள்ளிக்கூட மணிக்கு முன்பே மேலே போய், வாட்ச்சைக் கழற்றி வைத்துவிட்டு மத்தியானம் வரை தூங்கினார். அது நின்றிருந்தது. கல்லாம்மா எடுத்தாள், திருகினாள். அவ்வளவு சுலபமாக இருந்தது. அதுதான் அவளை என்னவோ செய்தது. எழுந்தவர் பார்த்தார். காதில் வைத்துப் பார்த்தார்.

"ஏய்! இங்க வா! ஓடுதுடி! இன்னும் ஓடுது!"

தடியை மறந்து கீழே இறங்கினார். அன்று சாயங்காலம் கடைக்கு வந்த எல்லோருக்கும் பன் இனாம். தம்பி அண்ணனைக் கட்டிக்கொண்டார். கல்லாம்மாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைச் சிரித்து முடிப்பதற்குள் நாளைக்கும் இதைச் செய்தாக வேண்டும் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. செய்தாள். அதற்கு மறுநாளும், மாவைத் தொட அவர் அதைக் கழற்றி வைக்கிற நேரம் பார்த்து, மணி அடிக்குமுன்பே செய்தாள்.

கை வந்துவிட்டது என்று நம்பியவர் சும்மா இருப்பாரா? அந்த வாரமே ஒரு காலை, தம்பி வண்டியில் சாமான் ஏற்றப் போயிருந்தபோது, அடுப்பிலிருந்து தட்டை எடுக்கப் போனார். இரண்டு கையாலும் தூக்கினார். பாதி வழியில் வலது கை விட்டுவிட்டது. சரிந்த தட்டைப் பிடிக்கப்போய் அந்தக் கையிலேயே வாங்கிக்கொண்டார். ரொட்டிகள் தரையெங்கும் உருண்டன. உள்ளங்கை வெந்து கொப்பளித்தது.

மருந்து வைத்துக் கட்டுப் போட்டார்கள். "ஏன் விட்டுச்சு? நல்லா வந்துக்கிட்டிருந்துச்சே" என்று அவர் பிதற்றிக்கொண்டே இருந்தார். கல்லாம்மா கட்டின் முடிச்சை இன்னொரு தரம் இறுக்கிக் கட்டினாள்.  வலிக்குக் கொடுத்த மாத்திரையில் அவர் மறுநாள் மத்தியானம் தூங்கியபோது, என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே, பழக்கதோஷத்தில், வாட்ச்சை எடுத்துத் திருகி வைத்தாள்.

அவர் விழித்து, இடது கையால் வாட்ச்சை எடுத்துக் காதில் வைத்தார். பிறகு மெதுவாகக் கூப்பிட்டார்.

"இங்க வா."

வந்தாள்.

"கையில கட்டுப் போட்டிருக்கு."

"ஆமா."

"காலையில நான் இதைத் தொடவே இல்ல."

அவள் தரையைப் பார்த்தாள்.

"எத்தனை நாளா?"

"உங்க மூஞ்சி தொங்கிப்போறதை நான்தானே பாக்குறேன்!" என்று அவள் வெடித்தாள். "தெனமும் அது நிக்கும், நீங்களும் நின்னு போயிடுவீங்க. மறுபடியும் மாடியில போய் உக்காந்து சுவத்தைப் பாப்பீங்களோன்னு பயம். நான் என்ன பண்ணட்டும்? எனக்கு என்ன தெரியும்?"

"நின்னா நின்னுட்டுப் போகட்டுமேடி. நின்னதாவது என்னோடது. பள்ளிக்கூட மணி வரைக்கும் வந்தேன்ல? அது நான் வந்தது. அதுக்கு மேல ஓடினது யாருது? அதை நம்பித்தானே தட்டுல கை வச்சேன்."

 சத்தமாகத் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சில நாட்கள் அந்த வீட்டில் ரொட்டிச் சமாச்சாரம் தவிர வேறு பேச்சு இல்லை. சின்ன மாஸ்டருக்கு விஷயம் தெரிந்தது. அவர் யார் பக்கமும் சாயவில்லை. மாவு பிசைந்துகொண்டே சொன்னார்: "அண்ணி, அவரு வாழ்க்கையில உங்க மேல கோவப்படுறதுக்கு இதுவரைக்கும் ஒரு காரணமும் கெடைக்கல. இப்பத்தான் ஒண்ணு கெடைச்சிருக்கு. கொஞ்ச நாள் வச்சுக்கட்டும் விடுங்க."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். தினமும் கொப்பளத்தைத் துடைத்து மருந்து வைத்தவள் அவள்தான். அவர் கையைக் கொடுத்தார், முகத்தைக் கொடுக்கவில்லை. ஒருநாள் கட்டை அவிழ்க்கும்போது அவரே ஆரம்பித்தார்.

"சுலபமா இருந்துச்சா?"

"எது?"

"சாவி குடுக்குறது. உனக்கு."

அவள் தயங்கினாள். "ம். ரொம்பச் சுலபம். அதான் எனக்கு அழுகையா வந்துச்சு. இவ்ளோ சின்ன வேலைக்கு நீங்க அவ்ளோ பாடு படுறீங்களேன்னு."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "பயந்துட்டியா ரொம்ப?"

"ஆஸ்பத்திரியிலகூட அவ்ளோ பயப்படல."

"சரி" என்றார். அவர் அகராதியில் அதற்கு அர்த்தம் நிறைய. "நாளையிலருந்து மறுபடி முதல்லருந்து. நீ தொடாத. நின்னா, நின்னுடுச்சுன்னு எங்கிட்ட வந்து சொல்லு. அது போதும்."

வெந்த தோல் உரிந்து புதுத்தோல் வந்தது. சில்வண்டு மறுபடி முதல் தும்மலிலிருந்து தொடங்கியது. முதல் கூட்டம், பால் வண்டி. அவள் கல்லாவிலிருந்து "நின்னுடுச்சா?" என்பாள். "நின்னுடுச்சு" என்பார். "சரி, சாப்பிட வாங்க" என்பாள். நிற்பது அவர்கள் வீட்டில் சாதாரணமாகிவிட்டது. எப்போது பள்ளிக்கூட மணியைத் தாண்டியது என்று இருவருக்குமே சரியாக ஞாபகம் இல்லை. கோடை தொடங்கியபோது விளக்கு வைக்கிற வரை ஓடியது. கூடவே அந்தக் கை மாவை உருட்ட ஆரம்பித்திருந்தது, கொஞ்சம் கோணலாக. கோணல் பன்களைத் தனித் தட்டில் வைத்தார்கள். அவைதான் முதலில் விற்றுத் தீர்ந்தன.

ஒரு விடியலில் அவர் சத்தம் கேட்டுக் கல்லாம்மா பதறி ஓடினாள்.

"கையைக் குடு, கையைக் குடு. இதைத் திருகு."

"நான் தொடமாட்டேன்."

"நான்தான் சொல்றேன்ல, திருகிப் பாரு."

அவள் தயங்கித் தயங்கி விரல் வைத்தாள். திருகு அசையவில்லை. சுவரில் முட்டியது போல நின்றது.

"அடைச்சுடுச்சு" என்றார் மாஸ்டர். வயிறு நிறையச் சாப்பிட்ட குழந்தையைப் பற்றிச் சொல்கிற குரலில். "நெறைஞ்சுடுச்சுடி. இதுக்கு மேல போகாது."

அடுத்த நாள் காலை அவர் எழுவதற்கு முன்பே அவள் விழித்துக்கொண்டாள். அறை முழுக்கச் சின்னச் சத்தம் கேட்டது. நேற்றைய சாவியில், நேற்றைய கையில், இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தையும் பக்கத்தில் அவர் மூச்சையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள். ஒவ்வொருவராக ஞாபகம் வந்தார்கள். பந்து கொடுத்த டாக்டர், கெட்டி ரொட்டி வாங்கியவர்கள், நின்றுகொண்டே சாப்பிட்ட கொழுந்தன், சைக்கிள் கடைக்கு மேலே ஒரு கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண். எல்லோரும் நன்றாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டே எழுந்தாள்.

சில நாள் கழித்து வாட்ச்சம்மா வந்தாள். முக்காலிக்குப் பக்கத்தில் மாவு மூட்டைமேல் உட்கார்ந்து, முகத்தைக் கண்டிப்பாக வைத்துக்கொண்டு விசாரித்தாள்.

"ஒரு நாளைக்கு எவ்ளோ முந்துது? இல்ல பிந்துதா? மாசக்கணக்கா உக்காந்து நொடி சுத்தமாக் குடுத்தேன். உண்மையைச் சொல்லுங்க."

மாஸ்டர் மனைவியைப் பார்த்தார். மனைவி கொழுந்தனைப் பார்த்தாள். கொழுந்தனார் அடுப்பைப் பார்த்தார்.

"அது வந்துங்க" என்றாள் கல்லாம்மா. "நாங்க அதுல மணி பாத்ததே இல்ல."

"என்னது?"

"நேரம் வைக்கவே இல்லைங்க. வந்த நாள்லருந்து. ஓடுதா, நிக்குதான்னு மட்டுந்தான் பாத்தோம்."

வாட்ச்சம்மா மாஸ்டரின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். காலை வெயில் கடைக்குள் அடித்துக்கொண்டிருந்தது, வாட்ச் ஐந்தே கால் காட்டியது. அவள் முகம் போன போக்கைப் பார்த்து முதலில் சின்ன மாஸ்டர் சிரித்தார். பிறகு அவளே சிரித்தாள். மாவு மூட்டைமேல் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "என் பொழப்பே! என் பொழப்பே!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

"சரி, குடுங்க. நானே வச்சுத் தர்றேன்."

மாஸ்டர் கையை இழுத்துக்கொண்டார். வலது கையின் நகத்தைத் திருகுக்கு அடியில் கொடுத்தார். வழுக்கியது. மறுபடி கொடுத்தார். மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். 'க்ளிக்' என்று திருகு வெளியே வந்தது, ஓட்டம் நின்றது. அவர் மெதுவாக உருட்டினார். கத்தி மாதிரியான இரண்டு முள்ளும் வட்டமடித்து வந்தன.

"மணி என்ன?" என்று கேட்டார்.

கல்லாம்மா சுவரைப் பார்த்தாள்.  "ஒம்பதாகப் போகுது."

"சுவத்தை நம்பாதீங்க" என்று வாட்ச்சம்மா தன் மணிக்கட்டைப் பார்த்தாள். "இன்னும் ஆகல. ஒம்பதுல வச்சுட்டு அப்படியே இருங்க. நான் சொல்றப்ப உள்ள அமுக்குங்க."

அவர் ஒன்பதில் வைத்து, திருகின்மேல் பெருவிரலை வைத்தபடி காத்திருந்தார்.   முன்பக்கம் யாரோ வந்து நின்று கல்லாப் பலகையைத் தட்டினார்கள்.

"ரெண்டு ரொட்டி குடுங்கம்மா, அவசரம்."

"கொஞ்சம் இருங்க" என்றாள் கல்லாம்மா, திரும்பாமலே. வியாபாரம் தொடங்கிய நாளிலிருந்து ஒரு வாடிக்கையாளரிடம் அவள் சொல்லாத வார்த்தை அது. வந்தவர் எட்டிப் பார்த்தார். நான்கு பேர் ஒரு கையைச் சுற்றி நிற்பதைக் கண்டு, என்னவென்று கேட்காமல் அவரும் பேசாமல் நின்றார்.

"இப்ப" என்றாள் வாட்ச்சம்மா.

மாஸ்டர் அமுக்கினார். மறுபடி ஓடத் தொடங்கியது.

"ஒம்பது" என்றார் அவர், எல்லோருக்கும் கேட்கும்படி.

கல்லாம்மா கல்லாவுக்குத் திரும்பி, இரண்டு ரொட்டியைத் தாளில் சுற்றிக் கொடுத்தாள். ஒரு கோணல் பன்னையும் சேர்த்து வைத்தாள்.

"காத்திருந்ததுக்கு" என்றாள்.